குழுப் பணத்தை ஊக்குநர் செலவழித்துவிட்டார், நாங்கள் அவருடைய மாட்டை ஓட்டிவந்துவிட்டோம்: இதில் எது திருட்டு, எது கையாடல்?

கேள்வி — வத்தல்மலை அடிவாரம்

அனைவருக்கும் வணக்கம். நான் தர்மபுரி மாவட்டத்தில், வத்தல்மலை அடிவாரத்தில் உள்ள ஒரு சிற்றூரைச் சேர்ந்தவள். என் தாயார் உறுப்பினராக உள்ள மகளிர் சுயஉதவிக் குழுவில் ஏற்பட்ட ஒரு பண விவகாரம் பற்றிச் சட்டம் தெரிந்தவர்களிடம் விளக்கம் கேட்டு எழுதுகிறேன்.

குழுவில் 12 பேர். 2023 நவம்பரில் வங்கியில் 6 லட்சம் ரூபாய் கடன் வாங்கி, ஆளுக்கு 50,000 ரூபாயாகப் பிரித்துக்கொண்டார்கள். தவணைக்கு 2,400 ரூபாயும் சேமிப்புக்கு 200 ரூபாயும் ஒவ்வொரு மாதமும் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில், குழுவை முன்னின்று நடத்தும் உறுப்பினரான ஊக்குநரிடம் கொடுத்துவிடுவார்கள். மறுநாள் காலைப் பேருந்தில் அவர் வங்கிக்குப் போய்க் கட்டிவிட்டு வருவார். 2024 மார்ச் வரை ஒரு குறையும் இல்லை. ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை ஐந்து மாதம் வாங்கிய பணம் எதுவும் வங்கிக்குப் போய்ச் சேரவில்லை என்பது, அக்டோபரில் வங்கியிலிருந்து கடிதம் வந்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. ஊக்குநரின் பங்கை நீக்கிவிட்டுக் கணக்குப் பார்த்தால், மற்ற 11 பேரின் தவணை 1,32,000 ரூபாய், சேமிப்பு 11,000 ரூபாய், ஆக மொத்தம் 1,43,000 ரூபாய். அந்த ஐந்து மாதத்துக்கும் எங்கள் பாஸ் புத்தகங்களில் அவர் பச்சை மையில் தொகையை எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறார். ஜூலையில் ஓர் உறுப்பினர் சந்தேகப்பட்டுக் கேட்டபோது, முத்திரை போட்ட சலான் ஒன்றையும் எடுத்துக் காட்டியிருக்கிறார்.

கேட்டால் அவர் மறுக்கவில்லை. கணவரின் சிகிச்சைக்குப் பெங்களூருவில் செலவாகிவிட்டது, புளி உலுக்கி விற்றதும் கட்டிவிடுகிறேன் என்கிறார். காவல் நிலையத்தில் புகார் கொடுத்தோம். "இது கொடுக்கல் வாங்கல் விஷயம், சிவில் கோர்ட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லி, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அந்தப் புகாரில், அவர் பணத்தைத் திருடி, ஏமாற்றி, கையாடி, நம்பிக்கை மோசடி செய்தார் என்று எல்லாவற்றையும் எழுதியிருந்தோம். குழுவில் ஒருவர் அவருக்குத் தனியாக 20,000 ரூபாய் கைமாற்று கொடுத்திருந்தார். அதையும் சேர்த்து எழுதினோம்.

இதற்கிடையில், ஒன்பது நாட்களுக்கு முன்பு, எங்கள் உறுப்பினர்கள் சிலர் ஊக்குநரின் வீட்டுக்குப் போய், அங்கே கட்டியிருந்த கறவை மாட்டை அவிழ்த்து ஓட்டிவந்துவிட்டார்கள். பணம் வந்தால் மாடு திரும்பிப் போகும் என்று சொல்லிவிட்டு வந்தார்களாம். மாடு இப்போது எங்கள் வீட்டுக் கொட்டகையில்தான் நிற்கிறது. என் தாயார்தான் தீவனம் போட்டுப் பால் கறந்து சங்கத்தில் ஊற்றுகிறார். எங்கள் பணத்தை எடுத்தவரின் குற்றம் என்ன, நாங்கள் செய்தது சரிதானா, புகாரை எப்படி எழுத வேண்டும் என்று தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடன் இருப்பேன்.

பதில் 1 — தர்மபுரி நீதிமன்ற வழக்கறிஞர்

சகோதரி, பணத்தைப் பற்றிப் பிறகு பேசலாம். முதலில் மாட்டை இன்றைக்கே திருப்பிக் கொடுங்கள். இதை நான் கடுமையாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நீங்கள் விவரித்த நிகழ்வுகளில் சட்டம் "திருட்டு" என்று பெயர் சொல்லி அழைக்கக்கூடிய செயல் ஒன்றே ஒன்றுதான். அதைச் செய்தவர் ஊக்குநர் அல்ல, உங்கள் குழுவினர்.

பாரதிய நியாய சன்ஹிதாவின் 303-ஆம் பிரிவு, அதாவது பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 378, 379 பிரிவுகள், ஒருவரின் கைவசம் உள்ள அசையும் பொருளை, அவருடைய சம்மதமில்லாமல், நேர்மையற்ற எண்ணத்தோடு, எடுத்துச் செல்வதற்காக நகர்த்துவதைத் திருட்டு என்கிறது. ஒரு விலங்கை ஏதாவது ஒரு வழியில் நகரச் செய்தவர் அந்த விலங்கை நகர்த்தியவராகவே கருதப்படுவார் என்று அதே பிரிவின் விளக்கவுரை தனியாகச் சொல்கிறது; எனவே தும்பை அவிழ்த்துக் கொட்டகைக்கு வெளியே ஓட்டிய அந்த நொடியிலேயே செயல் முடிந்துவிட்டது. "எங்களுக்கு அவர் பணம் தர வேண்டும், அதற்கு ஈடாகத்தான் எடுத்தோம், எங்களுக்கென்று வைத்துக்கொள்ள எடுக்கவில்லை" என்ற பதில் நீதிமன்றத்தில் நிற்காது. கடன் கொடுத்தவர், கடனாளியை நெருக்குவதற்காக அவருடைய பொருளைச் சம்மதமின்றி எடுத்துச் சென்றது திருட்டே என்று 1895-இலேயே கல்கத்தா உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. அந்தப் பொருளில் தனக்கே உரிமை இருப்பதாக ஒருவர் உண்மையாக நம்பி எடுத்தால் அது வேறு. ஆனால் உங்களுக்கு வர வேண்டியது பணம், அந்த மாட்டின் மேல் உங்களில் யாருக்கும் எந்த உரிமையும் இல்லை.

"பிறகு திருப்பித் தருவோம்" என்பதும் உதவாது. அரசு அலுவலகக் கோப்பு ஒன்றை ஒரே ஒரு நாள் வெளியே எடுத்துச் சென்று மறுநாள் திருப்பி வைத்ததையே, தற்காலிகமாக எடுத்ததும் திருட்டுதான் என்று 1962-இல் பியாரே லால் பார்கவா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஒரு கறவை மாட்டின் விலை 5,000 ரூபாய்க்குக் குறையாது என்பதால், முதல் முறைத் தவறுக்குப் பொருளைத் திருப்பிக் கொடுத்தால் சமூக சேவையோடு முடித்துக்கொள்ளலாம் என்று புதிய சட்டம் கொடுத்திருக்கும் சலுகையும் உங்களுக்குக் கிடைக்காது. மூன்று ஆண்டு வரை சிறை விதிக்கக்கூடிய, பிணையில் விடுவதை உரிமையாகக் கேட்க முடியாத குற்றம் இது. இன்னொன்றையும் நான் கேட்டாக வேண்டும்: எத்தனை பேர் போனார்கள், தடுத்தவர்களை யாராவது தள்ளினார்களா, மிரட்டினார்களா? அச்சுறுத்தியோ பலத்தைக் காட்டியோ ஓட்டிவந்திருந்தால் அது வழிப்பறி என்ற பெரிய குற்றமாகிவிடும். அதையே ஐந்து பேரோ அதற்கு மேற்பட்டவர்களோ சேர்ந்து செய்திருந்தால் ஆயுள் தண்டனை வரை போகக்கூடிய கூட்டுக்கொள்ளைப் பிரிவில் போய் நிற்கும். உண்மையை மறைக்காமல் எழுதுங்கள்.

இனி பணத்துக்கு வருவோம். ஊக்குநர் செய்தது திருட்டு ஆகாது. ஏனென்றால் பணம் உங்கள் கையிலிருந்து உங்கள் சம்மதத்தோடுதான் அவர் கைக்குப் போயிற்று. பொருள் ஒருவரிடம் எப்படி வந்து சேர்ந்தது என்பதுதான் இந்தக் குற்றங்களைப் பிரிக்கும் கோடு. சம்மதமின்றி எடுத்தால் திருட்டு. வழியில் கிடந்த பொருளைப் போலக் குற்றமில்லாத வகையில் கைக்கு வந்ததைப் பிறகு தனதாக்கிக்கொண்டால் 314-ஆம் பிரிவின்படி கையாடல். இன்ன காரியத்துக்கு என்று சொல்லி, நம்பி ஒப்படைத்ததை வேறு வழியில் செலவழித்தால் 316-ஆம் பிரிவின்படி நம்பிக்கை மோசடி. பணத்தை வாங்கும்போதே பொய் சொல்லி வாங்கினால் 318-ஆம் பிரிவின்படி ஏமாற்றுதல், நம் பழைய 420. உங்கள் விவகாரம் மூன்றாவது வகை. 2024 மார்ச் வரை அவர் ஒழுங்காகக் கட்டியிருப்பதே, தொடக்கத்தில் ஏமாற்றும் எண்ணம் இல்லை என்பதைக் காட்டுகிறது. ஒரே பணத்தைக் குறித்து ஏமாற்றுதலும் நம்பிக்கை மோசடியும் ஒன்றாக நிற்க முடியாது, முதலாவதில் கெட்ட எண்ணம் ஆரம்பத்திலேயே இருக்க வேண்டும், இரண்டாவதில் அது பிறகு வருகிறது என்று 2024 ஆகஸ்டில் டெல்லி ரேஸ் கிளப் வழக்கில் உச்ச நீதிமன்றம், காவல் துறையினரும் கீழமை நீதிமன்றங்களும் இந்த வேறுபாட்டைக் கவனிப்பதில்லை என்ற வருத்தத்தோடு, மறுபடியும் எடுத்துச் சொல்லியிருக்கிறது. ஆகவே புகாரில் நான்கு சொற்களையும் அடுக்குவது புகாரைப் பலப்படுத்தாது. எழுதியவருக்கே என்ன நடந்ததென்று தெளிவில்லை என்ற எண்ணத்தைத்தான் படிப்பவருக்குக் கொடுக்கும்.

சிகிச்சைக்குச் செலவாயிற்று, பிறகு கட்டிவிடுவேன் என்று அவர் சொல்வதை மனிதராக நான் புரிந்துகொள்கிறேன். ஆனால் தற்காலிகமாகக் கையாடுவதும் கையாடலே என்று சட்டத்தின் விளக்கவுரையிலேயே எழுதப்பட்டிருக்கிறது. மாட்டைக் குறித்து உங்களுக்குச் சொன்ன அதே விதி பணத்தைக் குறித்து அவருக்கும் பொருந்துகிறது.

பதில் 2 — ஓய்வுபெற்ற வங்கி அலுவலர், கிருஷ்ணகிரி

வழக்கறிஞர் ஐயா சட்டத்தைச் சொல்லிவிட்டார். நான் தாள்களைப் பற்றிச் சொல்கிறேன். குழுக் கடன் பிரிவில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்பதால், இப்படிப்பட்ட வழக்குகள் உண்மை இல்லாததால் தோற்றதை நான் பார்த்ததில்லை. தாள் இல்லாமல் தோற்றதைப் பார்த்திருக்கிறேன். நாட்டில் பலருக்குத் தெரியாத ஒன்று, அரசு ஆதரவோடு மகளிர் குழுக்களை அமைக்கும் திட்டம் தமிழ்நாட்டில் முதன்முதலாக 1989-இல், பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு, கிருஷ்ணகிரி பிரிவதற்கு முந்தைய இந்தத் தர்மபுரி மாவட்டத்தில்தான் தொடங்கியது. அந்த முதல் குழுக்களிலிருந்தே தீர்மானப் புத்தகம், கடன் பதிவேடு, தனிநபர் பாஸ் புத்தகம் ஆகியவற்றை எழுதப் படிக்கத் திணறிய பெண்கள்கூட எவ்வளவு கவனமாகக் காத்தார்கள் என்பதை நேரில் பார்த்தவன் என்பதால், ஐந்து மாதம் யாரும் வங்கிப் பாஸ் புத்தகத்தைப் பதியக் கொண்டுபோகவில்லை என்று படிக்கும்போது எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கிறது.

உங்கள் 11 பேரின் பாஸ் புத்தகங்களையும் இன்றே ஒரே இடத்தில் சேர்த்து, ஒவ்வொரு பக்கத்தையும் நகல் எடுங்கள். அசலை யாரிடமும், காவல் நிலையத்திலும்கூட, ஒப்புகை வாங்காமல் கொடுக்காதீர்கள். வங்கியில் குழுவின் பெயரில் எழுத்து மூலம் விண்ணப்பித்து, சேமிப்புக் கணக்குக்கும் கடன் கணக்குக்கும் 2023 நவம்பர் முதல் கணக்கு விவரம் வாங்குங்கள். 1891-ஆம் ஆண்டின் வங்கியர் புத்தகச் சாட்சியச் சட்டத்தின்படி வங்கி சான்றளித்துத் தரும் நகல், லெட்ஜரைக் கொண்டுவராமலேயே நீதிமன்றத்தில் சாட்சியமாக ஏற்கப்படும். பச்சை மைக் கையெழுத்து ஒரு பக்கம், வரவே இல்லாத வங்கிக் கணக்கு மறுபக்கம்: இந்த இரண்டையும் மாதவாரியாக ஒரே தாளில் எதிரெதிரே எழுதிக் கொடுத்தால், எந்த விசாரணை அலுவலரும் அதைக் கொடுக்கல் வாங்கல் என்று சொல்லத் தயங்குவார்.

அந்த ஜூலைச் சலானைக் கையோடு வாங்கி வைத்தீர்களா, வெறுமனே பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டீர்களா? இருந்தால் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கவுண்டரில் பணம் வாங்கிய சலானில் வட்ட முத்திரை மட்டும் இருக்காது. அன்றைய தேதி, பணம் வாங்கியவரின் சுருக்கொப்பம், கணினியில் பதிந்த எண் ஆகியவையும் இருக்கும். பழைய சலானில் தேதியை மட்டும் மாற்றியிருந்தால், 3-ஐ 7 ஆக்கிய இடத்தில் மை இரண்டு முறை ஓடிய தடிப்பு விரல் நுனிக்கே தெரியும். அப்படித் திருத்தியது நிரூபணமானால், அது போலி ஆவணம் தயாரித்துப் பயன்படுத்திய தனிக் குற்றம்.

ஒரு கசப்பான உண்மையையும் சொல்லிவிடுகிறேன். ஊக்குநர் மேல் வழக்கு நடக்கிறது என்பதற்காக வங்கி உங்கள் கடனைத் தள்ளுபடி செய்யாது. கடன் குழுவின் பேரில் கூட்டுப் பொறுப்பில் இருக்கிறது. மேலாளரைப் பார்த்து, இனிவரும் தவணைகளை இரண்டு உறுப்பினர்கள் நேரில் வந்து கட்டுவதாகவும், நிலுவையை நீண்ட தவணையாக மாற்றித் தருமாறும் எழுதிக் கொடுங்கள்.

வத்தல்மலை அடிவாரம் (கேள்வி கேட்டவர்)

இருவருக்கும் மிக்க நன்றி. போனவர்கள் நான்கு பேர், நால்வரும் பெண்கள். யாரும் யாரையும் தொடவில்லை, மிரட்டவும் இல்லை. ஊக்குநரின் மாமியார் மட்டும் திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாராம், ஒன்றும் பேசவில்லையாம். அவர் பேசாமல் இருந்ததைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ள முடியுமா? சலான் எங்களிடம் இல்லை, ஆனால் கேள்வி கேட்ட உறுப்பினர் அதைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்திருக்கிறார். குழு தொடங்கியபோது எழுதிய தீர்மானப் புத்தகத்தில், "உறுப்பினர்களிடம் வசூலாகும் தொகையை ஊக்குநர் மறுநாளே வங்கியில் செலுத்த வேண்டும்" என்ற தீர்மானமும் அதன் கீழே 12 பேரின் கையெழுத்தும் உள்ளன. இது பயன்படுமா? இந்த ஐந்து மாதத்தில் பாதி புதிய சட்டம் வருவதற்கு முன்பு நடந்ததாயிற்றே, எந்தச் சட்டத்தின்படி புகார் கொடுப்பது?

பதில் 3 — தர்மபுரி நீதிமன்ற வழக்கறிஞர்

தள்ளுமுள்ளு இல்லை என்று அறிந்ததில் எனக்குப் பெரிய நிம்மதி. ஆனால் வயதான பெண்மணி ஒருவர் நான்கு பேரைக் கண்டு வாயடைத்து இருந்ததைச் சம்மதம் என்று வாதாட நான் துணிய மாட்டேன். நீங்களும் அதை நம்பி இருக்காதீர்கள்.

அந்தத் தீர்மானம்தான் உங்கள் வழக்கின் உயிர். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் எடுக்கப்போகும் வாதம் இதுதான்: ஊக்குநரும் குழுவில் ஓர் உறுப்பினர், பணத்தில் அவருக்கும் பங்கு உண்டு, தன் பணத்தைத் தானே எப்படி மோசடி செய்ய முடியும்? வேல்ஜி ராகவ்ஜி படேல் வழக்கில், கூட்டு வணிகத்தின் வசூல் பணத்தைத் தன் கையில் வைத்துச் செலவழித்த பங்காளியை உச்ச நீதிமன்றம் இந்தக் காரணத்தால்தான் விடுவித்தது. பங்காளி என்ற முறையில் சொத்து அவர் ஆளுகையில் இருப்பது மட்டும் போதாது, தனியான ஒப்படைப்பு ஒன்று இருந்திருக்க வேண்டும் என்றது. உங்கள் புத்தகத்தில் அந்தத் தனியான ஒப்படைப்பு எழுத்தில் இருக்கிறது: யார் கொடுத்தது, யாரிடம், எதற்காக, எப்போதைக்குள் கட்ட வேண்டும் என்ற நான்கும் ஒரே வரியில் அமைந்துவிட்டன. இந்தப் பக்கத்தைப் புகாரின் முதல் இணைப்பாக வையுங்கள்.

அதே காரணத்துக்காக, அந்த 20,000 ரூபாய்க் கைமாற்றைப் புகாரிலிருந்து முழுவதுமாக எடுத்துவிடுங்கள். கைமாற்றாகக் கொடுத்த பணம் வாங்கியவருக்கே சொந்தமாகிவிடுகிறது. அவர் அதை எப்படி வேண்டுமானாலும் செலவழிக்கலாம், திருப்பித் தராவிட்டால் உரிமையியல் வழக்குதான். வங்கியில் கட்டச் சொல்லிக் கொடுத்த பணம் அப்படிப்பட்டது அல்ல. இரண்டையும் ஒரே புகாரில் கலந்ததால்தான், முழுவதையும் கொடுக்கல் வாங்கல் என்று ஒதுக்குவதற்குக் காவல் நிலையத்துக்கு நீங்களே ஒரு காரணத்தைக் கொடுத்துவிட்டீர்கள்.

புதிய சட்டங்கள் நடைமுறைக்கு வந்தது 2024 ஜூலை 1. அதற்கு முன் நடந்த ஏப்ரல், மே, ஜூன் மாதங்களுக்குப் பழைய தண்டனைச் சட்டத்தின் 406-ஆம் பிரிவும், ஜூலை, ஆகஸ்ட் மாதங்களுக்கு நியாய சன்ஹிதாவின் 316(2)-ஆம் பிரிவும் பொருந்தும். இது வெறும் எண் மாற்றம் அல்ல. பழைய பிரிவில் உச்ச தண்டனை மூன்று ஆண்டு, புதியதில் ஐந்து ஆண்டு. செயல் நடந்த நாளில் இருந்த தண்டனையைவிடக் கூடுதலாக விதிக்கக் கூடாது என்பது அரசியலமைப்பின் 20-ஆவது உறுப்பு. மூன்று ஆண்டு வரை மட்டுமே தண்டனையுள்ள குற்றங்களுக்கு மூன்று ஆண்டு காலவரம்பும் உண்டு என்பதால், பழைய மாதங்களுக்காகவாவது நீங்கள் தாமதிக்கக் கூடாது. புகாரில் ஒவ்வொரு மாதத்தின் தொகையையும் தனித்தனியாக எழுதி, கடைசியில் மொத்தத்தையும் எழுதுங்கள். கையாடல் வழக்குகளில் ஓர் ஆண்டுக்கு மேற்படாத காலத்தில் எடுத்த தொகைகளைச் சேர்த்து ஒரே குற்றச்சாட்டாகச் சுமத்தச் சட்டம் இடம் கொடுக்கிறது; ஆனால் உங்கள் ஐந்து மாதத்தின் குறுக்கே ஜூலை 1 வந்து விழுவதால், பிரித்துக் காட்டுவதே பாதுகாப்பு.

சம்பளம் வாங்கும் குமாஸ்தாவுக்கும் ஊழியருக்கும் 316(4), தொழில் முறையில் செயல்படும் முகவர்களுக்கும் அரசு ஊழியர்களுக்கும் 316(5) என்று கடுமையான உட்பிரிவுகள் இருக்கின்றன. அவற்றைப் போடச் சொல்லிப் பலர் உங்களைத் தூண்டுவார்கள். ஊதியமின்றி, முறை வைத்துத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஓர் ஊக்குநருக்கு அவை எளிதில் பொருந்தா. சலான் விஷயத்தில், படத்தையும் வங்கியின் கணக்கையும் இணைத்து நடந்ததை மட்டும் எழுதுங்கள்; பிரிவை விசாரணை அலுவலர் முடிவு செய்யட்டும்.

நிலையத்தில் பதிவு செய்ய மறுத்தால், புகாரின் சாரத்தை எழுதி மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவு அஞ்சலில் அனுப்புங்கள். அதற்கும் பலன் இல்லையென்றால், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 175(3)-ஆம் பிரிவின் கீழ், பிரமாண வாக்குமூலத்தோடு உங்கள் பகுதி நீதித்துறை நடுவரிடம் மனுச் செய்யலாம். மூன்று ஆண்டுக்குக் குறையாமலும் ஏழு ஆண்டுக்கு உட்பட்டும் தண்டனையுள்ள குற்றங்களில், காவல் துணைக் கண்காணிப்பாளரின் அனுமதியோடு 14 நாட்களுக்குள் முதற்கட்ட விசாரணை நடத்தப் புதிய சட்டம் இடம் கொடுத்திருக்கிறது. அப்படி அழைத்தால் அதை மறுப்பு என்று எண்ணிக் கோபப்படாமல், எல்லாத் தாள்களோடும் போங்கள். பெண்கள் அனைவருக்கும், வருமானம் எவ்வளவு இருந்தாலும், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு மூலம் இலவச வழக்கறிஞர் உதவி கிடைக்கும். தர்மபுரி நீதிமன்ற வளாகத்தில் போய்க் கேளுங்கள்.

பதில் 4 — புளி மண்டி, பாப்பிரெட்டிப்பட்டி

வழக்கறிஞர் அண்ணன் சொன்ன சட்டத்தின் அருமை எனக்கு அனுபவத்தில் தெரியும். சில ஆண்டுகளுக்கு முன், என் மண்டியில் கணக்கு எழுதியவர் சேலம் வியாபாரிகளிடம் வசூலித்த 86,000 ரூபாயைக் கொண்டுவரவில்லை. அதே நேரத்தில் கிடங்கிலிருந்து கொட்டை எடுத்த புளி நான்கு மூட்டையும் குறைந்தது. நான் இரண்டையும் திருட்டு என்று எழுதிக் கொடுத்தேன். விசாரணை அலுவலர் என்னை உட்காரவைத்து, வசூல் பணம் அவர் கைக்கு வெளியார் கொடுத்து வந்தது, மூட்டை உங்கள் கிடங்கில் உங்கள் கைவசம் இருந்தது, வேலையாள் கையில் இருப்பது முதலாளி கையில் இருப்பதாகத்தான் கணக்கு. ஆகவே மூட்டைக்கு வேலையாள் செய்த திருட்டு, பணத்துக்கு வேலையாள் செய்த நம்பிக்கை மோசடி என்று பிரித்து எழுதச் சொன்னார். அன்றைக்கு அது வீண் அலைச்சலாகத் தோன்றியது. விசாரணையில் மூட்டைக்குச் சாட்சி நிற்கவில்லை, பணத்துக்கு மட்டும் நின்றது. பிரித்து எழுதியிருக்காவிட்டால் இரண்டும் சேர்ந்து போயிருக்கும்.

கடைசியில் சமாதானம் ஆனோம். அதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் எழுதிக்கொள்ளும் தாள், முதல் தகவல் அறிக்கை பதிந்த பிறகு வழக்கை முடிக்காது. இந்தப் பிரிவுகளில் நீதிமன்றத்தின் அனுமதியோடுதான் சமாதானம் செய்துகொள்ள முடியும். எனவே முழுப் பணமும் கைக்கு வருவதற்கு முன்பு, "புகாரில் மேல் நடவடிக்கை வேண்டாம்" என்று எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள், அம்மாவிடமும் சொல்லி வையுங்கள்.

பதில் 5 — சட்டக் கல்லூரி மாணவி, சேலம் (சொந்த ஊர் அரூர்)

காவல் நிலையத்தில் "நீங்களாகத்தானே கொடுத்தீர்கள்" என்று கேட்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன். அந்தக் கேள்வி புதியது அல்ல என்பதற்காக இதை எழுதுகிறேன். இங்கிலாந்தின் பழைய சட்டத்தில், நம்பிக் கொடுத்த பொருளை வாங்கியவர் எடுத்துக்கொண்டால் அது திருட்டே ஆகாது. 1473-இல் சரக்குப் பொதிகளைச் சவுதாம்ப்டன் துறைமுகத்துக்குக் கொண்டுபோக ஒப்புக்கொண்ட வண்டிக்காரர், வழியில் பொதிகளை உடைத்து உள்ளே இருந்ததை எடுத்துக்கொண்டார். பொதியை உடைத்ததால் அவரிடம் ஒப்படைத்தது முறிந்துவிட்டது என்று சுற்றி வளைத்துத்தான் அவரைத் திருடன் என்று தீர்ப்பளிக்க முடிந்தது. 1799-இல் பேஸ்லி என்ற வங்கிக் காசாளர், வாடிக்கையாளர் செலுத்திய 100 பவுண்டு நோட்டைப் பெட்டியில் போடாமல் தன் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். நோட்டு வங்கியின் கைவசம் வரவே இல்லை, ஆகவே வங்கியிடமிருந்து திருடியதாகச் சொல்ல முடியாது என்று அவர் தப்பினார். அதே ஆண்டில் இங்கிலாந்து நாடாளுமன்றம் குமாஸ்தாக்களும் ஊழியர்களும் செய்யும் கையாடலைக் குற்றமாக்கித் தனிச் சட்டம் இயற்றியது. 1862 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்த நம் தண்டனைச் சட்டத்தில், அந்த ஓட்டை இல்லாதபடி, நம்பி ஒப்படைத்ததைக் கையாடுவதற்குத் தொடக்கத்திலேயே தனி இடம் கொடுத்துவிட்டார்கள். நாங்களாகத்தான் கொடுத்தோம், நம்பிக் கொடுத்தோம், அதுதான் குற்றத்தின் முதல் கூறு என்று அக்கா தயங்காமல் சொல்லலாம்.

வத்தல்மலை அடிவாரம் (கேள்வி கேட்டவர்)

பதினெட்டு நாட்களுக்குப் பிறகு எழுதுகிறேன். வழக்கறிஞர் ஐயாவின் முதல் பதிலைப் படித்த அன்று மாலையே, மாட்டைக் குளிப்பாட்டி, அந்த நால்வரும் என் தாயாரும் சேர்ந்து ஓட்டிக்கொண்டுபோய் ஊக்குநரின் வீட்டில் கட்டிவிட்டு வந்தார்கள். வார்டு உறுப்பினரும் பக்கத்து வீட்டுக்காரரும் சாட்சிக் கையெழுத்துப் போட்ட தாள் ஒன்று எங்களிடம் இருக்கிறது. ஒன்பது நாள் சங்கத்தில் ஊற்றிய பாலுக்கு என் தாயாரின் அட்டையில் 2,240 ரூபாய் வரவாகியிருந்தது. எங்களுக்கு வர வேண்டியதில் கழித்துக்கொள்ளலாமே என்று சிலர் சொன்னார்கள். மாடு நமதில்லை என்றால் பாலும் நமதில்லை என்று சொல்லி, என் தாயார் அந்தப் பணத்தை ஊக்குநரின் மாமியார் கையில் எண்ணிக் கொடுத்து, அதையும் தாளில் எழுதி வாங்கிக்கொண்டார்.

புதிய புகாரைக் கைமாற்றுத் தொகை இல்லாமல், மாதவாரிப் பட்டியலோடும் தீர்மானப் பக்கத்தோடும் கொடுத்தோம். முதற்கட்ட விசாரணைக்கு அழைத்தார்கள், 11 பேரும் போனோம். நேற்று முதல் தகவல் அறிக்கையின் நகலைக் கட்டணமின்றிக் கொடுத்தார்கள். 406-ஆம் பிரிவும் 316(2)-ஆம் பிரிவும் எழுதப்பட்டிருக்கின்றன. ஆனால் ஊக்குநரைக் கைது செய்யவில்லை, அறிவிப்பு மட்டும் கொடுத்திருக்கிறார்கள். இது வழக்கைத் தளர்த்துவதாகுமா?

பதில் 6 — தர்மபுரி நீதிமன்ற வழக்கறிஞர்

ஆகாது. ஏழு ஆண்டு வரை தண்டனையுள்ள குற்றங்களில் கைது தேவைதான் என்பதற்குக் காரணம் காட்டாமல் கைது செய்யக் கூடாது, அறிவிப்புக் கொடுத்து விசாரிக்க வேண்டும் என்பது 2014-இல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறி. நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 35-ஆம் பிரிவும் அதையே சொல்கிறது. உங்களுக்கு வேண்டியது 1,43,000 ரூபாய் வங்கிக்குப் போய்ச் சேர்வது. நோயாளிக் கணவரை வைத்துக்கொண்டிருக்கும் ஒரு பெண் சிறையில் இருப்பதால் அது விரைவில் வராது. விசாரணையின் முன்னேற்றத்தை 90 நாட்களுக்குள் புகார்தாரருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது காவல் துறையின் கடமை. அந்தத் தேதியை இப்போதே குறித்து வையுங்கள். மாட்டையும் பால் பணத்தையும் ஒப்படைத்த தாளின் நகல் ஒன்றை விசாரணை அலுவலரிடம் ஒப்புகை வாங்கிக்கொண்டு கொடுங்கள். அசல் உங்கள் தாயாரிடமே இருக்கட்டும்.